கரண்ட் போனால் எத்தனை லிட்டர்? உப்புநீர்த் தொட்டிக்கு சம்ப் கட்டிய அனுபவம்

மீன்தொட்டிக்குக் கீழே சம்ப் கட்டப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: கரண்ட் போனால் மேல்தொட்டியிலிருந்து எத்தனை லிட்டர் கீழே இறங்கும்? அந்த எண் கையில் இல்லாமல் கண்ணாடிக் கடைப் பக்கம் போகவே கூடாது. சம்புக்கென்று கிடைக்கும் வரைபடங்கள் பெரும்பாலும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் நிலையைத்தான் காட்டும். அம்புக்குறி போட்டு, தண்ணீர் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகிறது என்று அழகாக வரைந்திருப்பார்கள். பம்ப் நின்றதும் அந்தப் படம் எப்படி மாறும் என்பதை நாம்தான் வரைந்து பார்க்க வேண்டும். சென்னையில் கோடை மின்தடையும், ஐப்பசி கார்த்திகைப் புயல் மழைக்காக நிறுத்தி வைக்கும் மின்சாரமும் பழகிப்போன விஷயம். அதனால் என் சம்பின் கணக்கை பம்ப் நின்றுபோன நிலையிலிருந்துதான் தொடங்கினேன்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் இருக்கும் மீன்தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி வைப்போம், அதுதான் சம்ப். மேல்தொட்டியின் மூலையில் பல் வைத்த தடுப்பு ஒன்று இருக்கும். தண்ணீர் அதன்மேல் வழிந்து, குழாய் வழியே தானாகக் கீழே இறங்கும். கீழே அறை அறையாகச் சுத்தமாகி வர, கடைசி அறையில் இருக்கும் ரிட்டர்ன் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், வடிகட்டி உறை, பாசி எல்லாம் கண்ணில் படாமல் கீழே போய்விடும். மொத்தத் தண்ணீரும் கூடும். உப்புநீர் வளர்ப்பில் தண்ணீர் கூடுவது பெரிய பலம். உப்பின் அளவோ வெப்பமோ அம்மோனியாவோ சட்டென்று மாறாது. கொளத்தூர் கடைகளில் ரெடிமேட் சம்ப் கிடைக்கிறது. என் அலமாரிக்கும் என் ஸ்கிம்மரின் உயரத்துக்கும் பொருந்துகிற மாதிரி கிடைக்கவில்லை. அதனால் அளவெடுத்துக் கட்டினேன்.

தொட்டி பெரம்பூர் வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மில்லிமீட்டர் கண்ணாடி. ஒரு ஜோடி க்ளவுன் மீன், சில டாம்செல் மீன், சுத்தம் செய்யும் இறால்கள், நத்தைகள். பவளம் கிடையாது; ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது கணக்கு. மேல்தொட்டியின் உள்ளளவு சுமார் 119.5-க்கு 58.5 சென்டிமீட்டர். பெருக்கினால் 7,000 சதுர சென்டிமீட்டர் வரும். அதாவது மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் கீழே 7 லிட்டர் வந்து சேரும். பம்ப் நின்றதும் தண்ணீர் இரண்டு வழியாக இறங்கும். ஒன்று, பல் தடுப்பின் விளிம்பு வரை வழிந்து இறங்குவது. இன்னொன்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், பம்ப் நின்ற அந்த நொடியிலிருந்து அதே குழாய் தண்ணீரைக் கீழே இழுக்க ஆரம்பிக்கும். வாய் வெளியே தெரிந்து காற்றை உறிஞ்சும்வரை நிற்காது. என் ரிட்டர்ன் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே வைத்தேன். அதனால் 17.5 லிட்டர். பல் தடுப்புக்குப் பின்னால் உள்ள மூலைப் பெட்டிக்குள் நிற்கும் தண்ணீரும் குழாய்களில் இருப்பதும் சேர்ந்து இன்னும் ஒரு 10 லிட்டர். ஆக மொத்தம் 28 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன்.

சம்ப் 36-க்கு 16-க்கு 16 இன்ச், 8 மில்லிமீட்டர் கண்ணாடி. உள்பரப்பு 3,500 சதுர சென்டிமீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர். 28 லிட்டர் வந்து சேர்ந்தால் மட்டம் 8 சென்டிமீட்டர் ஏறும். ஓடும்போது சராசரி மட்டம் 20; கரண்ட் போனால் 28. மேலே இன்னும் 12 சென்டிமீட்டர் காலி. அந்தக் காலியிடத்தைப் பார்க்கிற சிலர், இதில் இன்னும் தண்ணீர் நிரப்பலாமே என்பார்கள். கூடாது. அது வீணாகக் கிடக்கும் இடம் இல்லை. கரண்ட் போகும்போது தண்ணீர் வந்து நிற்கிற இடம்.

வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம். தண்ணீர் நன்றாகச் சுழலட்டும் என்று ரிட்டர்ன் வாயைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்திருந்தார். அவருடையதும் 4-க்கு 2 அடித் தொட்டிதான். பத்து சென்டிமீட்டர் என்றால் 70 லிட்டர். இரவில் கரண்ட் போயிருக்கிறது. வீட்டில் எல்லோரும் தூக்கம். காலையில் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர், அலமாரியின் அடிப்பலகை உப்பிக்கிடந்தது, சுவரோரத்து பிளக் பாயின்ட் வரை ஈரம். குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வ் போட்டிருந்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு நத்தை மாட்டி, மூடி முழுசாக மூடாமல் நின்றிருந்தது. உப்புநீரில் செக் வால்வை நம்பக் கூடாது. சுண்ணாம்புப் படிவோ நத்தையோ ஏதாவது ஒன்று அதைத் திறந்தே வைத்துவிடும். குழாயில் சின்னத் துளை போட்டுக் காற்றை உள்ளே விடும் வழக்கமும் உண்டு. நல்லதுதான், ஆனால் பாசி அதை அடைத்துவிடும். இரண்டும் இருக்கட்டும். கணக்கு மட்டும் அவை இரண்டுமே இல்லை என்று வைத்துப் போட்டதாக இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. கீழே இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டு, பம்ப் மட்டும் ஓடினால்? கடைசி அறையில் இருக்கும் தண்ணீரை எல்லாம் மேலே ஏற்றிவிடும். மற்ற அறைகளின் தண்ணீர் தடுப்புகளுக்குப் பின்னால் நின்றுவிடும் என்பதால், மேலே போகக்கூடியது கடைசி அறையின் அளவு மட்டும்தான். என் ரிட்டர்ன் அறை 26.5-க்கு 39 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் மட்டத்துக்கு ஏறக்குறைய சரியாக ஒரு லிட்டர். வேண்டுமென்றே அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு எல்லாக் கணக்கையும் ஸ்கேலை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். மட்டம் 18 சென்டிமீட்டரில் இருக்கும்போது பம்ப் தன் வாய் வரை, அதாவது 4 சென்டிமீட்டர் வரை உறிஞ்சினால் 14 லிட்டர் மேலே போகும். 14-ஐ 7-ஆல் வகுத்தால் மேலே 2 சென்டிமீட்டர் ஏறும். மேல்தொட்டியின் நீர்மட்டம் விளிம்புக்கு 4 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. ஆக அப்போதும் வழியாது. சம்ப் பெரிதாக இருந்தால் நல்லது என்பது சரிதான். ரிட்டர்ன் அறை பெரிதாக இருப்பது நல்லதா என்பதை இந்தக் கணக்கைப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

அடுத்து, அறைகளின் வரிசை. முதலில் வடிகட்டி உறையும் ஸ்கிம்மரும் சேர்ந்த அறை, 14 இன்ச். அப்புறம் பாசி வளரும் ரெஃப்யூஜியம், 7 இன்ச். அதன்பின் குமிழித் தடுப்புகள். கடைசியில் ரிட்டர்ன் அறை.

ஸ்கிம்மரைக் கையில் வாங்காமல் கண்ணாடி வெட்டக் கொடுக்காதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. ஸ்கிம்மர் என்பது நுண்ணிய காற்றுக் குமிழிகளின் மேல் அழுக்குப் புரதங்களை ஒட்டவைத்து, நுரையாக மேலே தள்ளி ஒரு கோப்பையில் சேர்க்கும் கருவி. அது நிற்கும் நீரின் ஆழம் மாறினால் நுரையின் உயரம் மாறும். ஒரு நாள் கோப்பை காய்ந்து கிடக்கும், மறுநாள் வெறும் தண்ணீர் நிரம்பி வழியும். என் ஸ்கிம்மருக்கு 20 முதல் 23 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. 22 என்று முடிவு செய்தேன். தடுப்பையும் 22 உயரத்துக்கு வெட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் மணிக்கு 2,000 லிட்டர் ஓட்டத்தில், 39 சென்டிமீட்டர் அகலத் தடுப்பின் மேல் தண்ணீர் கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் தடிமனில் வழியும். அதைக் கழித்து 21.2-க்கு வெட்டச் சொன்னேன். அந்த அறையின் மட்டத்தை நிர்ணயிப்பது அந்தக் கண்ணாடி ஒன்றுதான் என்பதால், நீராவியாகத் தண்ணீர் குறைந்தாலும் ஸ்கிம்மருக்கு அது தெரியாது.

ஸ்கிம்மரின் உயரத்தையும் பாருங்கள். கோப்பையைத் தூக்கி எடுத்துக் கழுவ மேலே 15 சென்டிமீட்டராவது காலியாக இருக்க வேண்டும். அலமாரிக்குள் ஸ்கிம்மர் நிற்கும், கோப்பை வெளியே வராது என்ற நிலையில் சில வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அழுக்குக் கோப்பையைக் கழுவாமல் விட்டால் அந்த ஸ்கிம்மர் இருந்தும் பயனில்லை.

குமிழித் தடுப்பு மூன்று கண்ணாடி: முதலாவதின் மேலே வழிந்து, இரண்டாவதின் அடியில் நுழைந்து, மூன்றாவதின் மேலே ஏறி வர வேண்டும். இடைவெளி ஒரு இன்ச் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் ஒன்றரை இன்ச் வைத்தேன். காரணம், தண்ணீரின் வேகம். அதே 2,000 லிட்டர் ஓட்டம் ஒரு இன்ச் இடைவெளியில் நொடிக்கு 6 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். ஒன்றரை இன்ச்சில் 4 சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். குமிழி மேலே ஏறும் வேகத்தைவிடத் தண்ணீர் கீழே இழுக்கும் வேகம் குறைவாக இருந்தால்தான் குமிழி தப்பி மேலே போகும். இல்லாவிட்டால் பம்புக்குள் போய், மேல்தொட்டி முழுக்கப் பொடிப் பொடியாக மிதக்கும். விரல் நுழைந்து பாசியைத் துடைக்க முடிவது கூடுதல் லாபம்.

பம்ப் வாங்கும்போது அட்டையில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது உயரமே இல்லாமல் தள்ளும் அளவு. ஒன்றரை மீட்டர் ஏற்றி, குழாய் வளைவுகளான எல்போக்களையும் தாண்டும்போது நன்றாகக் குறையும். நான் ரிட்டர்ன் குழாயின் வாயை 20 லிட்டர் பக்கெட்டில் விட்டு, செல்போனில் நேரம் பார்த்தேன். 36 நொடியில் நிரம்பினால் மணிக்கு 2,000 லிட்டர். என் தொட்டியில் பாறைகளைக் கழித்து, சம்பையும் சேர்த்து 450 லிட்டர் அளவில் தண்ணீர் இருக்கும். மணிக்கு நான்கைந்து முறை சுற்றினால் போதும். அதற்கு மேல் ஓட்டுவது சத்தத்தையும் கரண்ட் பில்லையும்தான் ஏற்றும்.

கண்ணாடியை கொளத்தூரில் தொட்டி கட்டுகிற ஒரு பெரியவரிடம் வெட்டக் கொடுத்தேன். கைப்பழக்கம் அபாரம், வைரக் கட்டரை ஒரே இழுப்பில் இழுத்து, மேசை விளிம்பில் வைத்துத் தட்டினால் நூல் பிடித்தாற்போல் உடையும். தடுப்புகளின் அகலத்தை மட்டும் 386 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். உள்ளகலம் 390 வருமே என்றார்.

"தம்பி, டைட்டா உக்காந்தாதானே ஸ்ட்ராங்கா நிக்கும்?"

"இல்லண்ணே, கண்ணாடியப் பிடிக்கப்போறது சிலிக்கான். ரெண்டு பக்கமும் ரெண்டு மில்லிமீட்டர் அதுக்கு இடம் வேணும்ல. கண்ணாடியும் கண்ணாடியும் உரசினா, தண்ணி பாரம் ஏறும்போது வெளிக்கண்ணாடியே விரிசல் விடும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய தொட்டிக்கு ஓரத்தில் இடைவெளி விடுகிற மாதிரிதானே என்று சொல்லி அப்படியே வெட்டிக் கொடுத்தார். எல்லா விளிம்புகளையும் அரைத்துத் தரச் சொல்லுங்கள். சம்புக்குள் வாரத்துக்கு இரண்டு முறை கை விடப் போகிறோம். அரைக்காத விளிம்பு கையைக் கிழித்துவிடும்.

சிலிக்கான் விஷயத்தில் கடைக்காரரின் வார்த்தையை விட டியூபின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். காயும்போது வினிகர் வாடை அடிக்கிற, அசிட்டிக் வகை, மீன்தொட்டிக்கு என்று குறிப்பிட்ட சிலிக்கான்தான் வேண்டும். பாத்ரூமுக்கு என்று விற்பதில் பூஞ்சைக் கொல்லி மருந்து கலந்திருக்கும். அது தண்ணீரில் இறங்கி உயிர்களைக் கொல்லும். வெளிப்பெட்டியை அந்தப் பெரியவரே ஒட்டிக் கொடுத்தார், தடுப்புகளை நான் வீட்டில் ஒட்டினேன். தடுப்பு வர வேண்டிய கோட்டை வெளிப்பக்கம் மார்க்கரால் வரைந்துகொண்டேன். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் இரண்டு முறை துடைத்து, கோட்டின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப். சிலிக்கானை ஒரே ஓட்டத்தில் விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் காற்று புகும். கண்ணாடியை இறக்கி, சரியாக 38 மில்லிமீட்டருக்கு அறுத்த பலகைத் துண்டுகளை இடையில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, விரலால் ஒரே இழுப்பாக இழுத்துச் சமன் செய்தேன். உடனே டேப்பை உரித்துவிட வேண்டும். சில நிமிடங்களில் மேலே தோல் கட்டிவிடும்; அதற்குப் பிறகு டேப்பை இழுத்தால் சிலிக்கானும் கூடவே வரும். இந்த வகை சிலிக்கான் காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் காய்கிறது. சென்னை ஈரக்காற்றில் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை, ஒரு வாரமாவது, தண்ணீர் ஊற்றாமல் பொறுத்திருங்கள்.

குழாய் வேலைக்கு எங்கள் தெரு பிளம்பரை அழைத்தேன். வீட்டுக் குழாய்க்குப் போடுகிற பித்தளை வால்வைக் கொண்டுவந்திருந்தார். அதை மட்டும் ஒப்புக்கொள்ளவே கூடாது. பித்தளையில் தாமிரம் இருக்கிறது. உப்புநீரில் அது கரையும். மீன் ஓரளவு தாங்கும், இறாலும் நத்தையும் தாங்காது. வால்வ், யூனியன், டேங்க் நிப்பிள் எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஒவ்வொரு பம்புக்கும் வால்வுக்கும் பக்கத்தில் ஒரு யூனியன், அதாவது கழற்றி மாட்டும் இணைப்பு, போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் பம்பைக் கழுவ ஒவ்வொரு முறையும் குழாயை அறுக்க வேண்டியிருக்கும்.

கீழே இறங்குவதற்கு இரண்டு குழாய் வைத்தேன். ஹெர்பி முறை என்பார்கள். ஒன்று முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடும். அதில் ஒரு கேட் வால்வ், திருகித் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் வகை. இன்னொன்று வாயைச் சற்று உயரத்தில் வைத்துச் சும்மா நிற்கும். முதல் குழாய் அடைத்தால் அது வேலையை எடுத்துக்கொள்ளும். காற்றும் தண்ணீரும் கலந்து இறங்கினால்தான் குழாய் கொரகொரக்கும். முதல் குழாயில் காற்றே இல்லாததால் சத்தமே கிடையாது. கூடத்தில் உட்கார்ந்து பேசலாம். பால் வால்வ் போட்டால் இந்த நுண்ணிய சரிசெய்தல் வராது, கேட் வால்வ்தான் வேண்டும். குழாயின் கீழ்வாய் சம்பு நீருக்குள் ஒரு இன்ச்சுக்கு மேல் மூழ்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள். ஆழமாக மூழ்கியிருந்தால், கரண்ட் வந்து பம்ப் மறுபடி ஓடும்போது குழாயிலிருக்கும் காற்று வெளியேற முடியாமல் தவிக்கும், ஓட்டம் பிடிக்க நேரமாகும்.

சம்பை அலமாரிக்குள் வைக்கும் முன் வாசல் திண்ணையில், கீழே தெர்மாகோல் போட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்பிச் சில நாள் வைத்தேன். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் செய்தித்தாள். துளி கசிந்தாலும் தாளில் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இணைத்த பிறகும் முதல் ஓட்டம் குழாய்த் தண்ணீரில்தான். மெயின் சுவிட்சை வேண்டுமென்றே அணைத்து, சம்ப் மட்டம் ஏறி நிற்கும்வரை பார்த்தேன். 28 சென்டிமீட்டர் என்று போட்ட கணக்கு, அரை சென்டிமீட்டர் குறைவாக நின்றது. பிறகு முதல் குழாயைத் துணியால் அடைத்து, இரண்டாவது குழாய் முழு ஓட்டத்தையும் தாங்குகிறதா என்று பார்த்தேன். கடைசியாக இரண்டையும் அடைத்து, பம்பை மட்டும் ஓடவிட்டேன். மேல்மட்டம் இரண்டு சென்டிமீட்டர் ஏறி நின்றது. இந்த மூன்று சோதனையையும் செய்யாமல் உப்பு போடாதீர்கள். சாதாரணத் தண்ணீர் தரையில் கொட்டினால் துடைத்துவிடலாம். உப்புத் தண்ணீர் மரத்தையும் இரும்பையும் அரித்துக்கொண்டே இருக்கும்.

அலமாரிக்கு ஐ.எஸ். 710 தர மரைன் பிளைவுட், உள்ளே எபாக்ஸி பூச்சு அடித்த இரும்புச் சட்டம். சம்ப் 36 இன்ச் நீளம், கதவு அதைவிடச் சிறியது. அதனால் மேல்தொட்டியை ஏற்றும் முன்பே சம்பை உள்ளே வைத்தாக வேண்டும். பிளக் பலகையை அலமாரிக்கு வெளியே, சம்பின் விளிம்பைவிட உயரத்தில் வைத்தேன். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். ஒயர் வழியே ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கண்டிப்பாக வேண்டும். உப்புத் தண்ணீரில் கை வைக்கிற வேலை இது. மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

நீராவியாகப் போவது வெறும் தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட ஊற்றுவது நல்ல தண்ணீர்தான், உப்புநீர் அல்ல. குறைவது எல்லாம் ரிட்டர்ன் அறையில்தான் தெரியும். கோடையில் மேலே ஃபேன் ஓடும்போது ஒரு நாளைக்கு 5 லிட்டர் வரை போகிறது. அதாவது ரிட்டர்ன் அறையில் 5 சென்டிமீட்டர். பம்ப் காற்றை இழுக்காமல் ஓட 8 சென்டிமீட்டராவது வேண்டும். 18-லிருந்து 8 வரை இரண்டு நாள் தாங்கும். மட்டம் இறங்க இறங்க மூன்றாவது தடுப்பிலிருந்து தண்ணீர் அருவியாக விழுந்து புதுக் குமிழிகளையும் உண்டாக்கும். ஆகவே மிதவை வைத்த தானியங்கி நிரப்பி அவசியம். அதற்கான நல்ல தண்ணீர்த் தொட்டியை 20 லிட்டருக்கு மேல் வைக்க வேண்டாம். மிதவை மாட்டிக்கொண்டு மொத்தமும் உள்ளே போனால்கூட உப்பின் அளவு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 33.5 பக்கம்தான் இறங்கும், மீன் தாங்கும். 100 லிட்டர் டிரம்மை இணைத்து வைத்திருந்தால் நிலைமை வேறு.

அந்த நல்ல தண்ணீர் பற்றியும் ஒன்று. குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீர் இதற்குப் போதாது. சுவைக்காக, கரைந்த உப்புகளின் அளவைக் கூட்டும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் வழியே கொஞ்சம் சுத்தப்படாத பழைய தண்ணீரை அதுவே மறுபடி கலக்கும். அதை மூடிவிட்டு, பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் சேர்த்து, மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறேன். போர்த் தண்ணீரின் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் உள்ளே போனால் பழுப்புப் பாசி கண்ணாடியை விடாது.

ரெஃப்யூஜியத்தில் கீட்டோ என்கிற நூல் பாசி. மேல்தொட்டி விளக்கு அணைந்ததும் இந்த அறையின் விளக்கு எரியும். இரவில் மீன்களும் மற்ற உயிர்களும் விடும் கரியமில வாயுவை அது எடுத்துக்கொள்வதால் பி.எச். ரொம்பவும் இறங்காது. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று வளரும். மாதம் ஒருமுறை பாதியைப் பிய்த்து வெளியே போட்டால், அந்த அழுக்கும் தொட்டியை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். 200 மைக்ரான் வடிகட்டி உறையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதில் சிக்கிய அழுக்கே அழுகி நைட்ரேட்டாகிவிடும். உறையில் ஏழெட்டு வாங்கி வைத்து, சேர்த்துத் துவைத்து வெயிலில் காயப்போடுவது சுலபம்.

பாறைக்கு வருகிறேன். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு வீடு வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்கள் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைச் சொல்லும். நம் ஊரில் பாறை அமைக்கும் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டு பவளம் வந்தாலும் அது குற்றம்தான். சட்டம் இல்லாவிட்டாலும் நான் எடுக்க மாட்டேன். இந்தப் பொழுதுபோக்கு கடல்மேல் உள்ள ஆசையால் வந்தது; கடலை உடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதில் என்ன ஆசை? துளை நிறைந்த செராமிக் கற்களை மேலேயும் ரெஃப்யூஜியத்திலும் அடுக்கினேன். பாக்டீரியா நிலைபெறக் கூடுதல் நாள் பிடிக்கும்; அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும்வரை மீன் விடாமல் இருந்தால் போதும். மீனும் அப்படித்தான். க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்கின்றன. கடையில் கேளுங்கள்: பிடித்ததா, வளர்த்ததா? வளர்த்த மீன் தொட்டி வாழ்க்கைக்குச் சீக்கிரம் பழகும், தீவனமும் உடனே எடுக்கும்.

வெப்பத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மே மாதச் சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் 26 டிகிரி கிடைக்காது. ஃபேன் உதவும், காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் அதன் உதவியும் குறையும். சில்லரின் வெப்பக் காற்று அலமாரிக்குள்ளேயே சுற்றாமல் வெளியே போக வழி விடுங்கள்.

கரண்ட் திரும்பி வரும்போதும் ஒரு சிக்கல் உண்டு. அந்த நேரத்தில் சம்ப் மட்டம் 28-இல் நிற்கிறது. ஸ்கிம்மரும் அதே ஆழத்தில் மூழ்கியிருக்கிறது. அப்படியே ஓட ஆரம்பித்தால் கோப்பை நிரம்பி, சேர்த்து வைத்த அழுக்கெல்லாம் மறுபடி சம்புக்குள் கொட்டும். அதனால் ஸ்கிம்மருக்குத் தனியாக ஒரு மிதவை சுவிட்ச்: மட்டம் 24-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது ஓடும். ரிட்டர்ன் பம்பை நான் இன்வெர்ட்டரில் சேர்க்கவில்லை. மேல்தொட்டியில் தண்ணீரைச் சுழற்றும் சின்ன வேவ் பம்பை மட்டும் சேர்த்திருக்கிறேன். மேற்பரப்பு அசைந்துகொண்டிருந்தால் மீனுக்கு ஆக்சிஜன் கிடைக்கும், பேட்டரியும் ராத்திரி முழுக்கத் தாங்கும்.

சம்ப் கண்ணாடியின் வெளிப்பக்கம் மூன்று கோடு போட்டிருக்கிறேன். ரிட்டர்ன் அறையில் 18-இல் நீலம், 8-இல் கறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே 28-இல் சிவப்பு. நான் ஊரில் இல்லாதபோது அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். கறுப்புக்குக் கீழே போனால் கேனிலிருக்கும் நல்ல தண்ணீரை நீலம் வரை ஊற்ற வேண்டும். கரண்ட் இல்லாதபோது சிவப்பைத் தாண்டினால் யாரோ கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள், எனக்கு போன் செய்ய வேண்டும். அவ்வளவுதான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஸ்கிம்மர், பி.எச்., நைட்ரேட் எதையும் அவர் தொடுவதில்லை. மீனுக்குத் தீவனத்தை மட்டும் நாளுக்கொரு டப்பியாக நானே பிரித்து வைத்துவிட்டுப் போவேன். பாசத்தில் அள்ளிப் போட்டால் எந்த சம்பாலும் அதைச் சமாளிக்க முடியாது.